வி-வெட்டா, அகல முகடா?

ஃபுளூமில் (ஆய்வகச் சோதனைக் கால்வாயில்) மணல் ஓட்டப் போகிறீர்கள், எந்த வியர் (நீரோட்டத்தை அளக்கும் குறுக்குத் தடுப்பு) வைப்பது என்றுதானே குழப்பம்? வி-வெட்டு என்பது V வடிவ வெட்டுள்ள மெல்லிய தகடு; அகல முகடு என்பது தண்ணீர் மேலே வழிந்து போகும் தட்டையான, தடித்த மேடு.

சின்ன ஓட்டம்: வினாடிக்கு 0.77 லிட்டர் போனால் 90 பாகை வி-வெட்டில் நீர் 5 செ.மீ. ஏறும், குறுக்கே 30 செ.மீ. உள்ள அகல முகட்டில் வெறும் 1.3 செ.மீ., அதை ஊசிமானியில் (நீர்மட்டத்தை ஊசி முனையால் தொட்டு அளக்கும் கருவி) படிப்பதற்குள் கண் வலிக்கும்.

கீழ்மட்ட நீர்: வி-வெட்டில் வழியும் தண்ணீர் தகட்டின் கீழ்ப்பக்கத்தைத் தொடாமல், அடியில் காற்றோடு விழ வேண்டும். அகல முகடு, முகட்டுக்கு மேல் அளந்தால் கீழ்நீர் மேல்நீரில் மூன்றில் இரண்டு பங்கு ஏறினாலும் பொதுவாகத் தாங்கும்.

மணல்: இங்கேதான் வம்பு. வி-வெட்டுத் தகட்டுக்கு முன்னால், நீர் வரும் பக்கம், மணல் குவிந்து, ஆழம் குறைந்து, வேகம் கூடி, உள்ளே என்ன நடக்கிறதென்றே தெரியாமல் கணக்கு தப்பிவிடும். அகல முகட்டின் முன்பக்கம் சரிவு வைத்தால் மணல் பெரும்பாலும் ஏறித் தாண்டிவிடும்.

தெளிந்த நீரில் பம்ப் ஓட்டத்தைச் சரிபார்க்க வி-வெட்டு. மணல் படுகைக்குச் சரிவுள்ள அகல முகடு, குவியும் மணலை வாரம் ஒருமுறை சுரண்டத் தயாரென்றால் மட்டும் வி-வெட்டு.