மைசென் வாள்களா, செவ்ர் எழுத்துகளா?

ஜெர்மனியின் மைசென் ஆலையில் செய்த பீங்கான் பொம்மையைக் கவிழ்த்தால், ஆலையின் அடையாளக் குறியாகக் குறுக்கிட்ட இரு நீல வாள்கள் தெரியும். சாக்சனி ஆட்சியாளரின் சின்னத்திலிருந்து 1720களில் எடுத்தவை. பெரும்பாலும் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருப்பதால் நகத்தில் தட்டுப்படாது. வாள்களின் குறுக்கே கீறியிருந்தால் ஆலையே குறையுள்ளதென ஒதுக்கியது என்று பொருள்.

பிரான்சின் செவ்ர் ஆலையின் பீங்கான் பூச்சாடியில் பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகள், மன்னர் பதினைந்தாம் லூயியின் முத்திரை. நடுவில் ‘ஏ’ இருந்தால் 1753, ‘பி’ இருந்தால் 1754. ஆண்டையே சொல்லிவிடும் என்ன அழகான ஏற்பாடு! ஆனாலும் நான் வாள்களையே கூடுதலாக நம்புவேன். போலிகள் இரண்டுக்கும் ஏராளம். செவ்ர் குறியோ பெரும்பாலும் பூச்சின்மேல் தீட்டியது, வெற்றுச் சாடியில் பிற்காலத்தில் எவரும் சேர்த்திருக்கலாம்.