கப்பல் போனதா, ஆள் போனதா?

குளுவாங் தோட்டப்பக்கக் கடையில் தே தாரேக்கோடு ஓடிய வாதம்: இரண்டு போர்க்கப்பல் மோதல்களில் எது மோசம்?

2017 ஆகஸ்ட் 21, நம் ஜொகூருக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூர் நீரிணைக்குக் கிழக்கே அமெரிக்காவின் ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. தொடுதிரையில் சுக்கான் கட்டுப்பாட்டை மாற்றும்போது குழப்பம். 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பல் தானே சாங்கி போய்ச் சேர்ந்து, பழுது பார்த்து, 2019இல் மறுபடி கடலுக்கு வந்தது.

நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் போர்க்கப்பலின் கதை தலைகீழ். 2018 நவம்பர் 8 அதிகாலை, எதிரே வந்த சோலா டிஎஸ் எண்ணெய்க் கப்பலின் தள விளக்குகளைக் கரையோர முனையத்தின் விளக்கு என்று நினைத்து, அதோடு மோதிவிட்டார்கள். (இருட்டில் செம்பனை லோரியை ஆலை விளக்கென்று நினைத்து மோட்டார் ஓட்டியவனுக்கு இது புரியும்.) கப்பலைத் தள்ளும் சுழலியின் உள்ளே துளையுள்ள தண்டு வழியாக, தண்ணீர் வராது என்று நம்பிய அறைக்கெல்லாம் தண்ணீர் போனது. 137 பேரும் பிழைத்தார்கள். மூழ்கிய கப்பலைத் தூக்கியும் பயனில்லை, உடைத்தார்கள்.

"கப்பலே போச்சேண்ணே, அதுதானே பெரிய நஷ்டம்?" என்றான் தம்பி.

எனக்கு மெக்கெய்ன்தான் மோசம். அந்தப் பத்துப் பேரும் படுக்கும் இடத்தில் இருந்தவர்கள், தம்பி.