ஏடபிள்யூஎஸ் கிரெடென்ஷியல் பிராசஸ்: நாலு ஸ்டார் குடுக்கலாம்

கேஎல்ல (கோலாலம்பூர்ல) அமேசானோட ஏடபிள்யூஎஸ் கிளவுட்ல வேலை பாக்குற நம்ம ஆளுங்க நெறைய பேரு இன்னமும் சீக்ரெட் கீய (அக்கவுண்ட்டுக்குள்ள போற ரகசியச் சாவி) அப்படியே ஃபைல்ல எழுதி வெச்சிட்டு மாமாக் கடை வைஃபைல உக்காந்துருக்காங்க, அவங்களுக்குத்தான் இது. கான்ஃபிக் ஃபைல்ல கிரெடென்ஷியல்_பிராசஸ்னு ஒரு வரி போட்டா போதும், சிஎல்ஐ (கமாண்ட் அடிச்சு ஏடபிள்யூஎஸ்ஸ ஓட்டுற டூல்) நீங்க சொன்ன கமாண்ட ஓட்டி அது அவுட்புட்ல துப்புற ஜேசன்லருந்து (டேட்டாவ எழுதுற ஒரு ஃபார்மட்) கீய எடுத்துக்கும், அதுல வெர்ஷன் 1னு இருக்கணும், எக்ஸ்பிரேஷன் டைமும் சேத்துக் குடுங்க, இல்லன்னா கீ காலாவதியே ஆகாதுன்னு நெனச்சிக்கிட்டு புதுசா கேக்காது. தனிக் காசு கிடையாது. ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா சிஎல்ஐ இத கேஷ் பண்ணாது, அதாவது வாங்குன கீய சேத்து வெச்சுக்காது, ஒவ்வொரு கமாண்டுக்கும் உங்க புரோகிராம் திரும்ப ஓடும், அது கீய எடுக்குற பாஸ்வேர்ட் மேனேஜர் ஒவ்வொரு தடவையும் கைரேகை கேட்டா வெறுத்துரும்லா, கேஷிங் வேணும்னா நீங்களே எழுதிக்கணும். 2024ல வந்த ஏடபிள்யூஎஸ் மலேசியா ரீஜனுக்கும் (இங்க இருக்குற டேட்டா சென்டர் தொகுதி) இதே செட்டப்தான். ஆங், உங்க புரோகிராம்ல ஸ்டாண்டர்ட் எரர்ல (எரர் மெசேஜ் போற தனி வழி) மட்டும் ரகசியம் எதையும் பிரிண்ட் பண்ணிடாதீங்க, லாக்ல போய் உக்காந்துக்கும்.