ஐகன் லைப்ரரி: அணிகளை நிரப்பும் வேலையில் அது எப்படி?

சி பிளஸ் பிளஸ் மொழியில் எண்கணக்கீடு செய்பவர்களுக்கு, எண்களைக் கட்டமாக அடுக்கிய அணிகளைக் கையாளும் ஐகன் லைப்ரரியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தலைப்புக் கோப்புகளாக மட்டுமே கிடைப்பதால் அதைத் தனியாகக் கம்பைல் செய்து இணைக்கும் தொல்லை இல்லை. எம்பிஎல் 2 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டென்சர்ஃப்ளோ, ஸ்டான் போன்ற பெரிய திட்டங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அணிப் பெருக்கலில் அதன் வேகம், சமன்பாடுகளைத் தீர்ப்பதில் அதன் துல்லியம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் கணக்கு தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் ஒரு வேலை இருக்கிறது: வெற்று அணியில் எண்களை இட்டு நிரப்புவது. பல ஆண்டுகளாக இந்த லைப்ரரியைப் பயன்படுத்தி வரும் நான், அந்த ஒரு வேலையை மட்டும் வைத்து இதை மதிப்பிட விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். பாடநூல் தமிழில் அணியின் கிடைவரிசை நிரை, நெடுவரிசை நிரல். கணினித் தமிழிலோ புரோகிராமுக்கும் நிரல் என்றே பெயர். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் எழுதியவருக்கே குழப்பம் வரும் என்பதால், இங்கே நிரல் என்றால் அணியின் நிரல் மட்டுமே; எழுதப்படுவது கோட்.

நினைவகம் என்பது ஒற்றைக் கோடு. இருபரிமாண அணியை அந்தக் கோட்டில் எப்படி மடித்து வைப்பது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபோர்ட்ரான், ஆர், ஜூலியா ஆகியவை முதல் நிரலை முழுவதும் வைத்துவிட்டு அடுத்த நிரலுக்குப் போகின்றன. சி மொழியின் இருபரிமாண அர்ரேயும் பைத்தானின் நம்பை லைப்ரரியின் இயல்பு அமைப்பும் முதல் நிரையை முடித்துவிட்டு அடுத்த நிரைக்குப் போகின்றன. ஐகன் சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டிருந்தாலும் அதன் இயல்பு அமைப்பு ஃபோர்ட்ரானைப் போல நிரல் முதன்மைதான். சி வழக்கத்தில் பழகிய கை, வெளி லூப்பில் நிரையையும் உள் லூப்பில் நிரலையும் எழுதிவிடும். ஐகனில் அது சரியாக எதிர்த்திசை.

எதிர்த்திசையில் போனால் என்ன நேர்கிறது என்பதை ஒரு குறிப்பிட்ட அளவை வைத்துப் பார்ப்பது நல்லது. 4096 நிரையும் 4096 நிரலும் கொண்ட டபுள் (8 பைட் தசம எண்) அணி ஒன்று 128 மெபிபைட் இடத்தைப் பிடிக்கும். நிரல் முதன்மையில் ஒரே நிரையின் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 32,768 பைட் தூரம் இருக்கும். செயலி நினைவகத்திலிருந்து எண்களை ஒன்றொன்றாக எடுப்பதில்லை. இன்றைய பெரும்பாலான செயலிகளில் 64 பைட் கொண்ட துண்டாக, அதாவது கேஷ் (செயலியிலுள்ள சிறிய, வேகமான நினைவகம்) வரியாகத்தான் எடுக்கும், அதில் 8 டபுள்கள் அடங்கும். நாம் எழுதத்தானே போகிறோம், படிக்கவில்லையே என்று நினைத்துவிடக் கூடாது: எழுதும் இடம் கேஷில் இல்லாவிட்டால், வழக்கமான எழுத்துக் கட்டளை அந்த வரியை முதலில் கேஷுக்குள் கொண்டுவந்து, அதன் பிறகே அதில் 8 பைட்டை மாற்றும். ஆக ஒரு நிரையை நிரப்பி முடிப்பதற்குள் 4096 வெவ்வேறு கேஷ் வரிகள் உள்ளே வந்து போகின்றன. ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. அடுத்த நிரைக்குத் திரும்பும்போது அதே வரிகளை மறுபடியும் அழைக்க வேண்டியிருக்கிறது.

4096 என்ற அளவை வேண்டுமென்றேதான் எடுத்தேன். 32 கிபிபைட் கொள்ளளவும் எட்டு வழி அமைப்பும் கொண்ட முதல்நிலைக் கேஷில், 4096 பைட்டின் மடங்குகளில் விலகியிருக்கும் முகவரிகள் எல்லாம் ஒரே தொகுதியில் போய் விழும். அந்தத் தொகுதியில் 8 வரிகளுக்குத்தான் இடம். கேஷின் மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடக்க, ஒரே மூலையில் நெரிசல். நிரலின் நீளத்தை 4104 ஆக்கினால் தூரம் 32,832 பைட் ஆகி, அடுத்தடுத்த எழுத்துகள் அடுத்தடுத்த தொகுதிகளுக்குப் பரவிவிடுகின்றன. ஐகனின் டைனமிக் அணி இத்தகைய இட்டுநிரப்பலைத் தானாகச் செய்யாது. வேண்டுமென்றால் பெரிய அணி ஒன்றை ஒதுக்கி அதன் பிளாக்கில் (ஒரு பகுதியில்) வேலை செய்யலாம், அல்லது ஏற்கெனவே உள்ள நினைவகத்தை அணியாகக் காட்டும் மேப் வகையில் அவுட்டர்ஸ்ட்ரைடை (நிரல்களுக்கு இடையேயான தூரத்தை) கொடுக்கலாம். வசதி இருக்கிறது, ஆனால் தேடிப் போனவருக்கு மட்டுமே.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஒருமுறை சறுக்கினேன். நேரப்படி நகரும் ஒரு சிமுலேஷனில் ஒவ்வொரு படியின் முடிவையும் அணியின் ஒரு நிரையாகச் சேமித்தேன். படிகள் கீழ்நோக்கி, மாறிகள் பக்கவாட்டில் என்பது அட்டவணை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இயல்பான அமைப்பு. விடைகள் சரியாக இருந்தன. மெதுவாக ஓடியதற்குச் சமன்பாடுகளைத்தான் சந்தேகித்து, ஒரு வாரம் அவற்றையே செதுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில், நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பர்ஃப் கருவியில் பார்த்தபோது நேரத்தின் பெரும்பகுதி, முடிவை நிரையில் ஒப்படைக்கும் அந்த ஒற்றை வரியில் கரைந்துகொண்டிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. இருந்தாலும் லைப்ரரியைப் பற்றிய என் முதல் குறையும் இங்கேதான் பிறக்கிறது: நிரைக்கு எம் டாட் ரோ என்று எழுதுவதும் நிரலுக்கு எம் டாட் கால் என்று எழுதுவதும் ஐகனில் ஒரே அழகோடு, ஒரே சுலபத்தோடு இருக்கின்றன, பின்னது தொடர்ச்சியான நினைவகம், முன்னது தாவித் தாவிப் போகும் நினைவகம் என்பதற்குப் பார்வையில் எந்த அடையாளமும் இல்லை.

கம்பைலர் காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஜிசிசி கம்பைலரில் 8-ஆம் பதிப்பு முதல் ஓ3 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றிப் பார்க்கும் திறன் இருக்கிறது. ஆனால் உள்ளே பக்கவிளைவுள்ள ஃபங்ஷன் அழைப்பு ஒன்று வந்தாலே, எடுத்துக்காட்டாக ஒரு ரேண்டம் எண் வந்தாலே, வரிசையை மாற்ற அதற்கு உரிமை இல்லை. சிமுலேஷனில் ஒரு படி முடிந்த பிறகுதான் அடுத்த படி என்பதால் அங்கும் அது கைவிரித்துவிடும்.

இனி ஐகன் சிறந்து விளங்கும் இடம். ஒவ்வொரு இடத்துக்குமான மதிப்பை ஐ, ஜே (நிரை எண், நிரல் எண்) என்ற இரண்டு எண்களிலிருந்து கணக்கிட முடியுமானால், லூப்பே எழுதாமல் ஐகனின் நல்லரிஎக்ஸ்பிரஷனுக்கு (NullaryExpr) ஒரு லாம்டாவை, அதாவது பெயரில்லாச் சிறு ஃபங்ஷனை, கொடுத்துவிடலாம். எந்தத் திசையில் நடப்பது என்பதை லைப்ரரியே, பெற்றுக்கொள்ளும் அணியின் அமைப்பைப் பார்த்து முடிவுசெய்கிறது. அணியின் வகையை நாளை நிரை முதன்மையாக மாற்றினாலும் அந்த வரியைத் தொட வேண்டியதில்லை. இரட்டை லூப்பாக எழுதியிருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் தேடித் திருப்பியிருக்க வேண்டும். ஐகனில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். ஆனாலும் பலருடைய கோடில் இதைக் கண்டதே இல்லை.

வகையை மாற்றுவதும் எளிது: டெம்ப்ளேட்டில் ரோமேஜர் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். இதே வேலைக்கான ஆர்மடில்லோ லைப்ரரியின் அடர் அணி எப்போதும் நிரல் முதன்மைதான், அங்கே இந்தத் தேர்வே கிடையாது. ஆயினும் ஐகனின் கையேடே, லைப்ரரி நிரல் முதன்மை அணிகளைக் கொண்டே உருவாக்கப்பட்டுச் சோதிக்கப்படுவதால் அதில்தான் சிறப்பாக வேலை செய்யக்கூடும் என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. இரண்டு அமைப்புகளும் ஒரே கோடில் கலந்துவிட்டால் எல்லா ஃபங்ஷன்களின் கையொப்பங்களும் (அவை பெறும் வகைகளின் அறிவிப்புகளும்) அதற்கேற்ப மாற வேண்டும் என்பதும் நடைமுறையில் ஒரு சுமை.

ஃபங்ஷன் கையொப்பம் என்றதும், அணியைப் பிரதி எடுக்காமல் ஃபங்ஷனுக்குக் கொடுப்பதற்கான ரெஃப் வகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லைப்ரரியின் குணம் முழுவதும் இதில் தெரிகிறது. ஒரு நிரையைப் பெற்று அதில் எழுதும் ஃபங்ஷனுக்கு ரெஃப், அதற்குள் ரோவெக்டர்எக்ஸ்டி என்று அளபுருவை அறிவித்தேன் என்று வைத்துக்கொள்வோம். நிரல் முதன்மை அணியின் நிரையை அதற்குக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. அந்த ரெஃப் அடுத்தடுத்து இருக்கும் எண்களை எதிர்பார்க்கிறது, நிரையோ தாவி இருக்கிறது. பிழைச்செய்தி பக்கக்கணக்கில் நீண்டாலும் அது நல்ல செய்திதான், நாம் தவறான திசையில் போகிறோம் என்பதை லைப்ரரி வாய்திறந்து சொல்லும் ஓரிடம் இதுதான். அதே அளபுருவைப் படிப்பதற்கு மட்டும் என்று கான்ஸ்ட் ரெஃப் ஆக மாற்றினால் பிழை மறைந்துவிடும். சத்தமில்லாமல் ஒரு தற்காலிகப் பிரதி எடுத்து அதைக் கொடுத்துவிடும், ஒவ்வோர் அழைப்புக்கும் ஒன்று. மூன்றாவது டெம்ப்ளேட் இடத்தில் இன்னர்ஸ்ட்ரைடை (அடுத்தடுத்த எண்களுக்கு இடையேயான தூரத்தை) சேர்த்தால் பிரதியின்றி வேலை நடக்கும். ஆனால் பிழையே வராத இடத்தில் அதைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அணியை வளர்த்துக்கொண்டே நிரப்புவது இன்னொரு பொறி. எத்தனை நிரைகள் வரும் என்று தெரியாதபோது இருப்பதை அழிக்காமல் அளவை மாற்றும் கன்சர்வேட்டிவ்ரீசைஸை அழைத்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்கள் உண்டு. நிரல் முதன்மை அணியில் நிரலைச் சேர்த்தால், ஏற்கெனவே இருப்பவை நகர வேண்டியதில்லை என்பதால் லைப்ரரி ஒதுக்கப்பட்ட இடத்தை நீட்டிக்கவே முயல்கிறது. நிரையைச் சேர்த்தாலோ எல்லா நிரல்களின் நீளமும் மாறுவதால் புதிய இடம் எடுத்து முழுவதையும் பெயர்த்து வைக்க வேண்டும். இப்படி 10,000 நிரைகளை ஒன்றொன்றாகச் சேர்த்தால் மொத்தம் சுமார் 5 கோடி நிரைப் பிரதிகள் ஆகும். கொள்ளளவை இரட்டிப்பாக்கி ஒதுக்கிக்கொள்ளும் சி பிளஸ் பிளஸ் வெக்டர் ஒன்றில் எண்களைச் சேர்த்துவிட்டு, கடைசியில் நிரை முதன்மை மேப் மூலம் அதை அணியாகப் பார்ப்பதே நான் கண்ட நிம்மதியான வழி.

தரவு நிரையாகத்தான் வரும், கணக்கோ நிரலாகத்தான் வேண்டும் என்ற நிலையில் ஒரு நடுவழி உண்டு. 8 நிரைகள் கொள்ளும் சிறிய நிரை முதன்மை அணி ஒன்றை வைத்துக்கொண்டு, அது நிரம்பியதும், அடுத்தடுத்த சில நிரைகளைக் குறிக்கும் மிடில்ரோஸ் மூலம் பெரிய அணிக்கு ஒரே ஒப்படைப்பாக மாற்றிவிடுவது. 8 டபுள் என்பது ஒரு கேஷ் வரி. எனவே நிரல்களின் தொடக்கம் 64 பைட் எல்லையில் அமைந்திருந்தால், பெரிய அணியின் ஒவ்வொரு வரியும் ஒரே ஒருமுறைதான் உள்ளே வந்து முழுமையாக எழுதப்பட்டு வெளியேறுகிறது. கூடுதல் கோட் நான்கைந்து வரிகளுக்கு மேல் இல்லை. என் சிமுலேஷனை இறுதியில் சரிசெய்தது இதுதான்.

புதிதாக அறிவித்த டைனமிக் அணியில் ஐகன் எதையும் எழுதுவதில்லை. பழைய குப்பை எண்கள் அப்படியே இருக்கும். ஆர்மடில்லோ 10.5 பதிப்பிலிருந்து இயல்பாகவே பூச்சியங்களை நிரப்பிவிடுகிறது, வேண்டாம் என்றால் ஃபில் நன் என்று சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று பார்த்தால் பின்னது மேல். எல்லா இடங்களையும் நாமே நிரப்பப்போகும்போது 128 மெபிபைட்டையும் இருமுறை எழுதுவது வீண் என்பதால் இந்த விஷயத்தில் நான் ஐகன் பக்கம். நேரம் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெரிய இடத்தை ஒதுக்கும்போது இயங்குதளம் வெறும் வாக்குறுதிதான் தருகிறது, நினைவகப் பக்கங்களை முதன்முறை தொடும்போதுதான் உண்மையில் கொடுக்கிறது. ஆகவே புதிய அணியை முதன்முறை நிரப்பும் நேரத்தில் பக்கப்பிழைகளின் (இன்னும் கொடுக்கப்படாத பக்கத்தைத் தொடுவதன்) செலவும் கலந்திருக்கும். இரண்டாம் முறை நிரப்பி அளந்தால்தான் லூப்பின் உண்மையான குணம் தெரியும்.

மற்றவை சுருக்கமாக. கமா போட்டு எண்களை அடுக்கும் முறை சிறிய அணிகளுக்கு இனிமையானது. செட்ரேண்டம் சி லைப்ரரியின் பழைய ரேண்ட் ஃபங்ஷனை நம்பியிருப்பதால் தீவிரமான வேலைக்கு ஆகாது. அணிப் பெருக்கலை ஓப்பன்எம்பி மூலம் பல கோர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஐகன், நிரப்பும் வேலையைப் பிரிப்பதில்லை. நாமே பிரிக்கும்போது நிரல்வாரியாகப் பிரிக்க வேண்டும், நிரைவாரியாகப் பிரித்தால் இரண்டு கோர்கள் ஒரே கேஷ் வரிக்காக இழுபறி நடத்தும். ஆப்டிமைசேஷன் கொடி இல்லாமல் கம்பைல் செய்த ஐகன் கோடை வைத்து வேகத்தைப் பற்றிப் பேசவே கூடாது. சரிபார்ப்புகளை நீக்கும் என்டிபக் வரையறை இல்லாவிட்டால் ஒவ்வோர் அடைப்புக்குறி அணுகலிலும் எல்லைச் சரிபார்ப்பு வேறு நடக்கும்.

இப்போது என் கோடின் தலைப்பில் இரண்டு வகைப்பெயர்கள் இருக்கின்றன: பதிவணி என்பது நிரை முதன்மை, கணக்கணி என்பது நிரல் முதன்மை. சிமுலேஷன் எழுதுவதெல்லாம் முதலாவதில்; பெருக்கலும் தீர்வும் இரண்டாவதில். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஒப்படைப்பு, மொத்தக் கோடிலும் ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது.