தாய்லாந்தில் ஓய்வுக்காலமா? "90 வருஷ குத்தகை" என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

போன வாரம் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "நீ அங்கே இருந்தவன் ஆச்சே, இது எப்படி?" என்று கேட்டார். தாய்லாந்தின் ஹுவா ஹின் என்ற ஊரில் கடற்கரைக்குப் பத்து நிமிடத்தில் வில்லா. 90 வருஷ குத்தகை. விசா, காப்பீடு, வக்கீல் எல்லாம் ஒரே இடத்தில். தமிழிலேயே பேசலாம். கம்பெனி பெயர் புதிதாக இருந்தது. ஆனால் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆளை எனக்குத் தெரியும். 2019 ஜனவரியில் என் எதிரே உட்கார்ந்து, கையெழுத்துப் போடத் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

இதை எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துத் தள்ளிப்போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை. அவர் பெயரை இங்கே போடவில்லை. பெயரை அவர் மாற்றிக்கொண்டே இருக்கிறார். அதனால் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

2018 ஜனவரியில் நானும் என் மனைவியும் அதே ஹுவா ஹின்னுக்குப் பதினைந்து நாள் சுற்றுலா போனோம். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். ஜனவரியில் அங்கே வெயில் இதமாக இருக்கும், மழை இருக்காது. காலையில் கடற்கரையில் நடை, சாயங்காலம் சந்தை. எனக்கு அப்போது 60 வயது. அந்தப் பதினைந்து நாளை மட்டும் வைத்து மீதி வாழ்க்கையைத் தீர்மானித்தோம். ஏப்ரல் மாத வெயிலையும் அக்டோபர், நவம்பர் மழையையும் அங்கே இருந்து பார்க்கவில்லை. வாடகை வீட்டில் ஒரு வருடம் முழுக்க இருந்து பார்த்திருந்தால், அந்த ஆளைச் சந்திப்பதற்கு முன்பே நாலு பேரிடம் விசாரித்திருப்போம்.

அவரைக் கோயிலில் சந்தித்தோம். "நம்ம ஊர் மாதிரியே இருக்குல்ல அண்ணா?" என்று அவரே வந்து பேசினார். தாய்லாந்து மொழியில் ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத இடத்தில் தமிழ் காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த நிமிடத்திலேயே பாதி நம்பிவிட்டேன்.

அந்த ஊர்ச் சட்டம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டைச் சொந்தப் பெயரில் வாங்கலாம். அதிலும் ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம்தான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம், பணம் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். தோட்டத்தோடு தனி வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டால் நிலத்தைக் குத்தகைக்குத்தான் எடுக்க வேண்டும். அந்தக் குத்தகையும் அதிகபட்சம் 30 ஆண்டு. அவர்களுடைய சிவில் சட்டத்தின் 540-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அதற்கு மேல் எவ்வளவு எழுதினாலும் 30 ஆகக் குறைந்துவிடும்.

அப்படியானால் 90 எங்கிருந்து வருகிறது? 30 ஆண்டு முடிந்ததும் இன்னொரு 30, அதற்குப் பிறகு இன்னொரு 30 என்று நிலக்காரர் "புதுப்பித்துத் தருவதாக" எழுதித் தருகிறார். அது அவர் கொடுக்கிற வாக்கு மட்டும்தான். நிலம் கை மாறினால் புதிய சொந்தக்காரரை அது கட்டுப்படுத்துவதில்லை. இன்னொன்று, ஒப்பந்தத்தில் வாரிசுக்குப் போகும் என்று தெளிவாக எழுதாவிட்டால், குத்தகைக்காரர் இறந்ததும் குத்தகையும் முடிந்துவிடும். 61 வயதில் 90 வருஷம் எதற்கு என்று நான் கேட்டபோது, "பேரப்பிள்ளைங்களுக்கு ஆகும் அண்ணா" என்றார். எங்கள் ஒப்பந்தத்தில் வாரிசு என்ற சொல்லே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

விலை 42 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்). முழுத் தொகையும் முன்கூட்டியே. லீஸ் என்றதும் கடைசியில் பணம் திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம், இது திரும்பி வராத பணம். எங்கள் இருவருடைய உழைப்பில் சேர்த்த தொகையில் பெரும்பகுதி.

கையெழுத்து அவருடைய அலுவலகத்திலேயே நடந்தது. வக்கீலும் அவர் கூட்டி வந்தவர்தான். எங்களுக்கும் நிலக்காரருக்கும் சேர்த்து ஒரே வக்கீல். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் தாய்லாந்து மொழியிலும் இருந்தது. இரண்டும் வேறுபட்டால் தாய்லாந்து மொழியில் இருப்பதே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. நான் ஆங்கிலத்தை மட்டும் படித்தேன்.

நிலப் பத்திரத்தை அங்கே சானோட் என்கிறார்கள். அதன் முன்பக்கத்தில் நிலத்தின் படமும் அளவும் இருக்கும். பின்பக்கத்தில்தான் வில்லங்கம் முழுக்க இருக்கும். விற்றது, அடமானம் வைத்தது, குத்தகைக்கு விட்டது எல்லாம் தேதியோடு அங்கே ஏறும். எங்களுக்கு அவர் காட்டியது முன்பக்கத்தின் நகல் மட்டும். என் மனைவி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் எங்கே?" என்று கேட்டாள்.

"பின்பக்கம் காலி அண்ணி, அதான் எடுக்கல" என்றார்.

அவள் விடவில்லை. அசலைப் பார்க்கலாமா என்றாள். நான்தான், "சரி விடு, அவர் நம்ம ஆளு" என்று அடக்கினேன். சொந்த ஊரில் அரை சென்ட் நிலம் வாங்கினாலும் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்கமாட்டேன். அங்கே, மொழி தெரியாத நாட்டில், கேட்ட மனைவியின் வாயை அடைத்தேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நிலப் பதிவு அலுவலகத்துக்கு எப்போது போகிறோம் என்று கேட்டதற்கு, "அது 1.1 சதவீதம் செலவு அண்ணா. இப்ப எதுக்கு வீணா? அப்புறம் பண்ணிக்கலாம்" என்றார். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், முத்திரை வரி 0.1 சதவீதம் என்பது உண்மைதான். எங்கள் தொகைக்கு 46,200 பாட் ஆகியிருக்கும். அதை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொல்லாமல் விட்டது 538-ஆம் பிரிவு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால், அது மூன்று ஆண்டுக்கு மட்டுமே செல்லும். தாளில் 30 என்றிருந்தாலும் 90 என்றிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். நான் 42 லட்சம் பாட் கொடுத்து வாங்கியது மூன்று ஆண்டுக் குடியிருப்பு.

அந்த மூன்று ஆண்டுக்குள்ளேயே வேறு இரண்டு அடி விழுந்தது. முதலாவது விசா. 50 வயது நிறைந்தவர்கள் ஓய்வுக்காலத் தங்கல் அனுமதியை வருடாவருடம் நீட்டிக்கலாம். மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும், அல்லது தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். நீட்டிப்புக்கு அரசாங்கக் கட்டணம் 1,900 பாட். அவர் எங்களிடம் ஆளுக்கு 25,000 வாங்கினார். அதோடு, "8 லட்சம் எதுக்கு வங்கியில தூங்கணும்? நான் நாலு நாளைக்குப் போட்டுக் காட்டிட்டு எடுத்துடறேன்" என்றார். இது சட்டவிரோதம், மாட்டினால் மாட்டுவது நாம்தான். நல்லவேளையாக அந்த இடத்தில் என் மனைவி நான் சொல்வதைக் கேட்கவில்லை. "நம்ம பணம் நம்ம பேர்லயே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டாள். இன்று எங்களிடம் மிச்சம் இருப்பது அந்தப் பணம்தான். 2019 மார்ச்சிலிருந்து விதியும் இறுகிவிட்டது. விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பும் அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரையும் முழுத் தொகை இருக்க வேண்டும், மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது.

2019 மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தோம். திரும்பிப் போனபோது விமான நிலையத்தில் ஓராண்டு அனுமதி ரத்தாகிவிட்டது என்றார்கள். நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும், ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. வாங்காமல் வெளியே போனால் இருக்கிற அனுமதி அதோடு போய்விடும். ஆளுக்கு 25,000 வாங்கியவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடி அவருக்கே பணம் கட்டினேன்.

இரண்டாவது, காப்பீடு. விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். எனக்குப் பத்து வருடமாக ரத்த அழுத்தம் உண்டு. சொன்னேன். அவர் "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறார், பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. 2021-இல் நெஞ்சுவலி வந்து தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். முன்பணம் கட்டிய பிறகுதான் உள்ளேயே கொண்டுபோனார்கள். காப்பீட்டு நிறுவனம் விண்ணப்பத்தின் நகலை அனுப்பி, உண்மையை மறைத்ததாகச் சொல்லி ஒரு பாட் கூடத் தரவில்லை. கீழே இருந்தது என் கையெழுத்து. அவர்களை நான் குறை சொல்ல முடியாது.

அவ்வளவுக்குப் பிறகும் வீடு இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தோம்.

2022 ஜூனில் ஒரு காலை, வாசலில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கையில் சானோட்டின் அசல். வங்கி ஏலத்தில் இந்த இடத்தை எடுத்திருக்கிறார்கள். நாங்கள் யார் என்று அவர்களுக்கும் புரியவில்லை.

வேறு ஊரிலிருந்து ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்தோம். அவர் முதலில் செய்த வேலை, எங்களையும் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனது. அங்கே இருக்கிற பிரதியை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் காலியாக இல்லை. 2017-லேயே அந்த நிலம் வங்கியில் அடமானத்துக்குப் போயிருந்தது. அதனால்தான் எங்களுக்கு அசலைக் காட்டவில்லை, அசல் வங்கியிடம் இருந்தது. அதனால்தான் பதிவுக்கும் வரவில்லை, போயிருந்தால் அந்த மேஜையிலேயே அதிகாரி அடமானத்தைச் சொல்லியிருப்பார். 46,200 பாட்டை எங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

நாங்கள் அங்கிருந்து வரும் வழியில் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. "நான் அப்பவே கேட்டேனே" என்று அவள் சொல்லியிருக்கலாம். இன்று வரை சொல்லவில்லை.

காவல் நிலையத்தில் சிவில் வழக்கு என்றார்கள். நிலக்காரர் திவால். நம் ஆளின் அலுவலகம் பூட்டியிருந்தது, தொலைபேசி வேலை செய்யவில்லை. வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் ஆகும், ஜெயித்தாலும் வசூலிக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்று வக்கீல் நேர்மையாகச் சொன்னார். அந்தத் தம்பதி இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்தோம்.

இதைப் படித்துவிட்டு அந்த நாட்டையே யாரும் வெறுக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மா நான் மருத்துவமனையில் இருந்த அத்தனை நாளும் என் மனைவிக்குத் துணையாக வந்து உட்கார்ந்தார். வாடகைக்கு இருந்துகொண்டு, விசா வேலையைத் தாங்களே இமிக்ரேஷன் அலுவலகத்தில் வரிசையில் நின்று முடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற எத்தனையோ வெளிநாட்டவரை அங்கே பார்த்தேன். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பதுகூட நாமே செய்யக்கூடிய வேலைதான். தனி வீடே வேண்டும் என்பவர்களுக்கும் ஒழுங்கான வழி உண்டு. 30 ஆண்டுக் குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்து, அது சானோட்டின் பின்பக்கம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டுக் கட்டடத்தைத் தனியாக நம் பெயரில் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அங்கேயே பதியலாம். உள்ளூர்க்காரர்கள் சிலரைப் பெயருக்குப் பங்குதாரர்களாக வைத்து கம்பெனி தொடங்கி நிலம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம்.

விற்கிற ஆளே வக்கீலையும் கூட்டி வந்து, விசாவும் பார்த்து, காப்பீட்டு விண்ணப்பத்தையும் நிரப்பினால், நம் பக்கம் பேச ஒருவருமே இல்லை. எங்களுக்கு அதுதான் நடந்தது. அவர் ஒருவர் சொன்னதைச் சரிபார்க்க இன்னொருவரிடம் நாங்கள் போகவே இல்லை.

இனி அந்த நண்பர் விஷயம். விளம்பரத்தில் "பென்ஷனுக்கு வரியே கிடையாது" என்று வேறு போட்டிருந்தது. 2024 தொடக்கத்திலிருந்து, ஒரு வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்குகிறவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக் கணக்கில் வரலாம், இரட்டை வரி ஒப்பந்தத்தைப் பார்க்காமல் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. இதை அவரிடம் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். அவருக்குப் பாதி மனசுதான். இரண்டு நாளில் 3 லட்சம் பாட் முன்பணம் கட்டுவதாக ஒத்துக்கொண்டிருந்தார், பேச்சை முறிக்கக் கூச்சப்பட்டார்.

"ஒன்றும் சொல்ல வேண்டாம். சானோட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேள், அவ்வளவுதான்" என்றேன்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டதாம். முன்பக்கத்தின் படம், நல்ல தெளிவாக. கூடவே குரல் பதிவு ஒன்று. நண்பர் அதை எனக்கும் அனுப்பினார். "பின்பக்கம் காலி அண்ணா, அதான் எடுக்கல."

நண்பர் பணம் கட்டவில்லை.