மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடை: பி.பி. மாத்திரைக்கு நம்பிப் போகலாம்

அம்மாவுக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. இங்கேதான் வாங்குகிறோம். இடம் குறுகல், சாயங்காலம் ரங்கநாதன் தெருக் கூட்டம் இங்கே வரை வழியும். ஆனால் கவுன்ட்டரில் இருக்கும் பார்மசிஸ்ட் டாக்டர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே திரும்புவார்.

வேறொரு கடையில் பேர் 'ஏடி' என்று முடியும் மாத்திரை அட்டையைக் கொடுத்திருந்தார்கள். அதில் அட்டெனோலால் என்ற இன்னொரு பி.பி. மருந்தும் சேர்ந்திருக்கிறது, அது நாடித்துடிப்பைக் குறைக்கும், டாக்டர் எழுதாமல் போடக்கூடாது என்று இவர்தான் காட்டினார். பேர் ஒன்றுபோலவே இருக்கும், கவனியுங்கள்.

அம்மாவுக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. "இந்த மாத்திரைக்கு அது வரும்மா, நீங்களா நிறுத்திடாதீங்க, பிரஷர் ஏறிடும். டாக்டர்கிட்ட காட்டுங்க, டோஸை மாத்துவார்" என்றார். கொலஸ்ட்ராலுக்கு என்ன மாத்திரை என்றும் விசாரித்தார். சிம்வாஸ்டாடின் என்றால் 20 மில்லிகிராமுக்கு மேல் இதோடு கூடாதாம்.

அட்டையை வெட்டிக் கொடுத்தாலும் காலாவதித் தேதி உள்ள பக்கத்தை நம்மிடமே விடுகிறார்கள், இது எத்தனை கடையில் நடக்கிறது? தள்ளுபடி சுமார்தான். ஞாயிறு மதியம் மூடிவிடுவார்கள், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.