கன்ஸ் அண்ட் ரோஸஸ்: யார் உடைத்தது மண்குடம், யார் உடைத்தது பொன்குடம்?

இந்த அமெரிக்க ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்துக்குள் சண்டை வந்துவிடும். பாட்டைப் பற்றி அல்ல. 1987ல் முதல் ஆல்பத்தைப் போட்டு உலகத்தை உலுக்கிய அந்த ஐந்து பேரைப் பிரித்தது யார் என்பதுதான் வழக்கு. பாடகர் ஆக்ஸல் ரோஸின் தலைக்கனம்தான் காரணம் என்பது ஒரு கட்சி. போதையில் கிடந்தவர்களுக்கெல்லாம் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டு ஒருவரை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்பது மற்றக் கட்சி. நான் இரண்டிலும் இருந்து பார்த்திருக்கிறேன். கித்தார் கலைஞர் ஸ்லாஷின் தொப்பிக்கு விழுந்த வயதில் முதல் கட்சி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது.

ஆக்ஸல் மீதான குற்றப்பட்டியல் நீளமானது, பெரும்பாலும் உண்மையானது. 1991 ஜூலை 2, செயின்ட் லூயிஸ் அருகே ரிவர்போர்ட் அரங்கம். கூட்டத்தில் ஒருவர் கேமராவோடு நிற்பதைப் பார்த்து மேடையிலிருந்தே பாய்ந்தார்; மேலே ஏறி வந்து பாதுகாவலர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். கலவரம். பலருக்குக் காயம். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து 50,000 டாலர் அபராதமும் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் காலமும் விதித்தது. 1992 ஆகஸ்டில் மாண்ட்ரியால் கதை இன்னும் மோசம். அன்று அதே மேடையில் முதலில் வாசித்த மெட்டாலிக்கா குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மேடைத் தீப்பொறியில் வெந்துபோய் அவர்களின் நிகழ்ச்சி பாதியில் நின்றது. அந்த நாளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய கன்ஸ் அண்ட் ரோஸஸ் தாமதமாக வந்தது. ஆக்ஸல் குரல் சரியில்லை என்று சீக்கிரமே இறங்கிப் போனார். அங்கேயும் கலவரம்.

எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது? ஹெராயினை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு இதயம் நின்று உயிர் பிழைத்த ஸ்லாஷ். குடித்துக் குடித்து 1994ல் கணையம் வெடித்துச் சாவின் வாசல்வரை போன பேஸ் கலைஞர் டஃப் மெக்கேகன். இவர்களைப் பற்றிப் பேசும்போது ரசிகர்களின் குரலே மாறிவிடும். ஸ்லாஷ் செய்தால் ‘பாவம், அந்த வாழ்க்கை அப்படி’. ஆக்ஸல் செய்தால் ‘திமிர்’.

ஸ்லாஷ் கட்சிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. போதைக்காரர் தன் உடம்பைத்தான் கெடுத்துக்கொண்டார்; ஆக்ஸல் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனின் இரவைக் கெடுத்தார். சரி. ஆனால் ஹெராயின் அவரவர் உடம்போடு நின்றுவிடவில்லை. 1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியத்தில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசிக்க மேடையேறியபோது, குழுவில் சிலர் ஹெராயினை விடாவிட்டால் இதுவே கடைசி நிகழ்ச்சி என்று ஆயிரக்கணக்கானோர் முன் ஆக்ஸல் அறிவித்தார். சொன்ன இடம் தவறு என்பேன். சொன்ன விஷயம்? இன்னொன்றும் உண்டு. தன் சிறுவயதில் நடந்த கொடுமைகளைப் பற்றி ஆக்ஸல் 1992லேயே பேட்டியில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அடிமைப்பழக்கத்தை நோய் என்று ஏற்கும் மனம், கோபத்துக்குப் பின்னாலும் ஒரு காயம் இருக்கலாம் என்று ஏன் யோசிப்பதில்லை?

ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஆக்ஸல்–ஸ்லாஷ் மல்லுக்கட்டில் உண்மையான இரட்டை நியாயம் மறைந்துபோகிறது. அது டிரம்மர் ஸ்டீவன் ஆட்லருக்கு நடந்தது.

1990 ஏப்ரலில் விவசாயிகளுக்கு நிதி திரட்டும் ஃபார்ம் எய்ட் இசை நிகழ்ச்சி மேடையில் டிரம் மேடை மீது தாவப் போய்த் தடுமாறி விழுந்தார். ஜூலையில் வேலை போய்விட்டது. காரணம், போதை. நீக்கியவர்கள் யார்? சில மாதங்களுக்கு முன் அதே ஹெராயினில் கிடந்த ஸ்லாஷ் இருந்த குழு. வேடிக்கை என்னவென்றால், கொலீசியம் பேச்சுக்கு மறுநாள் அதே மேடையில் ஹெராயினுக்கு எதிராகப் பேசியவர் ஸ்லாஷ். அவருக்குத் திருந்தக் கால அவகாசம் இருந்தது. ஆட்லருக்கு ஒரு ஒப்பந்தக் காகிதமும் சில வாரங்களும். அவரால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிய வேண்டியிருந்தது என்பது மற்றவர்கள் பக்கம். அதுவும் பொய்யில்லை. 1991ல் வந்த இரட்டை ஆல்பத்தில் அவர் வாசித்தது ‘சிவில் வார்’ ஒன்றுதான். ஆனால் கித்தாரில் ஸ்லாஷுக்கு மாற்று இல்லை, டிரம்ஸுக்கு ஆள் கிடைக்கும் என்ற கணக்கு இல்லாமல் இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா? ஆட்லர் வழக்குப் போட்டார். 1993ல் 20 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான்.

குழுவின் இன்னொரு கித்தார் கலைஞர் இஸ்ஸி ஸ்ட்ராட்லின் விஷயத்தில் சுருக்கமாக: போதையை விட்டார், தாமதங்களும் கலவரங்களும் தாங்காமல் 1991 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகினார். அவரை ஒருவரும் குறை சொல்வதில்லை. நானும் சொல்லமாட்டேன். என்றாலும் ஆக்ஸல் மேடையை விட்டுப் போனால் துரோகம், இஸ்ஸி குழுவையே விட்டுப் போனால் சுயமரியாதை என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டிமன்றத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து விழுங்குகிற விஷயங்களும் உண்டு. 1988ல் ‘ஒன் இன் எ மில்லியன்’ என்ற பாட்டில் கறுப்பினத்தவரையும் குடியேறிகளையும் தன்பாலீர்ப்பினரையும் கேவலப்படுத்தும் சொற்கள். எழுதியது ஆக்ஸல், பழியும் அவருக்கே. நியாயம்தான். ஆனால் அந்தப் பதிவில் கித்தார் வாசித்த ஸ்லாஷின் தாயே கறுப்பினப் பெண். வாசித்தவர்களிடம் யாரும் அதே குரலில் கேட்பதில்லை. அதைவிடப் பெரியது, 1994ல் ஆக்ஸலின் முன்னாள் மனைவி வன்முறைக் குற்றச்சாட்டோடு தொடுத்த வழக்கு. நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. மேடைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததை முப்பது வருடமாகப் பேசுகிற கூட்டம், இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. ரசிகனின் பட்டியலில் ரசிகனுக்குச் செய்த தவறுகளுக்குத்தான் மதிப்பெண்.

யார் பேசினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்லாஷ் 2007லும், ஆட்லர் 2010லும், டஃப் 2011லும் தன்வரலாறு வெளியிட்டார்கள். அவரவர் கீழ்த்தரத்தை அவரவரே நகைச்சுவையோடு ஒப்புக்கொண்டுவிட்டால் வாசகன் பாதி மன்னித்துவிடுகிறான். ஆக்ஸல் புத்தகம் எதுவும் எழுதவில்லை. குழுவின் பெயருக்கான உரிமை அவர் வசமானது எப்படி என்பதில், நெருக்கடி கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது மற்றவர்கள் சொல்வது. அப்படி நடக்கவே இல்லை என்று அவர் 2008ல் மறுத்தார். நாம் படித்தது ஒரு பக்கத்தை.

2016ல் ஆக்ஸல், ஸ்லாஷ், டஃப் மூவரும் மறுபடி சேர்ந்தார்கள். பங்கு சமமாக இல்லை என்று இஸ்ஸி வரவில்லை. அந்தச் சுற்றுப்பயணம் 50 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஜூலையில் சின்சினாட்டியில் ஆட்லரை மேடைக்கு அழைத்தார்கள். இரண்டு பாட்டு வாசித்துவிட்டு இறங்கிப் போனார்.